ஒன்பது ஸ்பிரிங்

அப்பா வீட்டுக் கணக்கை நீளவாட்டு நோட்டில் எழுதிவந்தார். 1974 ஏப்ரல் மாதப் பக்கத்தில் பாலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவே சில வரிகள் இருக்கின்றன. மூர் மார்க்கெட் சோபா ஒன்று, ரூ. 85. கைவண்டி, ரூ. 4. ரெக்ஸின் ஐந்து கெஜம், ரூ. 60. தேங்காய் நார், பஞ்சு, ரூ. 14. ஆணி, சணல், கோணி, ரூ. 7. குஷன் பாய் கூலி மூன்று நாள், ரூ. 36. டீ, ரூ. 1.80. கூட்டினால் 207 ரூபாய் 80 காசு. அப்பாவின் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. அந்த மாதம் வீட்டில் வேறு பெரிதாக எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு நானும் ஒரு பழைய நாற்காலியை வாங்கி அதற்கு மறுபடி மெத்தை கட்டினேன். என் கணக்கு கைப்பேசியில் இருக்கிறது. நாற்காலி 1,200. ஆட்டோ 250. ஃபோம் 1,150. பாலியஸ்டர் பஞ்சுத் தாள் 120. எலாஸ்டிக் பட்டை ஆறு மீட்டர் 240. ஸ்டேப்பிள் கன் 750, அதற்கான பின் ஒரு டப்பா 110. பவானி ஜமக்காளம் 850. அடியில் அடிக்கக் கறுப்புத் துணி 60. பசை 180. விரலுக்குப் பிளாஸ்திரி 20. மொத்தம் 4,930 ரூபாய். கூலி என்றொரு வரி இல்லை. டீயை நானே போட்டுக் குடித்தேன்.

சிக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்காலியையும் ஆட்டோவையும் கழித்தால் வேலைக்கு மட்டும் 3,480 ஆகியிருக்கிறது. எங்கள் தெருமுனை சோபா கடைக்காரர் துணியோடு சேர்த்துக் கேட்டது 3,500. பன்னிரண்டு நாள் குனிந்து நிமிர்ந்ததில் மிச்சம் 20 ரூபாய்.

மூர் மார்க்கெட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிச் சிவப்புக் கட்டடமாக நின்றது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். 1900இல் திறந்தார்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளிக்கூண்டு, கால் உடைந்த கட்டில் எல்லாம் அங்கே கிடைக்கும். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன மேசை நாற்காலிகள் பல கை மாறி அங்கே வந்து சேரும் என்று அப்பா சொல்வார். எங்கள் சோபாவும் அப்படி வந்தது என்பது அவர் நம்பிக்கை. அதன் விலையை 140இலிருந்து 85க்கு இறக்க இரண்டு ஞாயிறுகள் நடந்தார். 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிற சமயங்களில் நான் மாறி ஏறும் நடைமேடை, அப்பா பேரம் பேசிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.

பழைய மர சாமான் தேடுகிறவர்களுக்கு இன்று பல்லாவரம் இருக்கிறது. பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. கைப்பேசியில் தேடினாலும் அகப்படும். வீடு மாறுகிறவர்கள் படம் எடுத்துப் போட்டு, ‘நீங்களே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருப்பார்கள். விற்கிறவருக்கு விலை முக்கியமில்லை. லிஃப்டில் நுழையாத சாமானை ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது தூக்கிப் போனால் போதும். அப்பா காலத்தில் பழைய சோபாவை விற்பது கஷ்ட காலத்தின் அடையாளம், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய காரியம். இன்று அது இடத்தைக் காலி செய்வது, அவ்வளவுதான். இதில் வெட்கம் குறைந்தது நல்லதே.

நான் பல்லாவரத்தில் எடுத்தது கைப்பிடி வைத்த ஒற்றை நாற்காலி. தேக்கு. பின்கால் இரண்டும் லேசாக வளைந்து, உட்காருமிடம் மண்ணிறப் பளபளப்புத் துணி போட்டு, நடுவில் குழி விழுந்திருந்தது. கடைக்காரர், “அம்மா, உள்ளே நல்லா இருக்கு. துணி மட்டும் மாத்திக்கங்க” என்றார். துணி மட்டும் என்பது அந்தத் தொழிலின் ஆகப் பழைய பொய். சோபா கட்ட வந்த குஷன் பாயும் எங்கள் அப்பாவிடம் அதைத்தான் சொன்னார்.

குஷன் பாய் ஜாம்பஜார் பக்கமிருந்து வருவார். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் குஷன் பாய். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக்கு முன் தாழ்வாரம் உண்டு. அதில் ஒரு பழைய போர்வையை விரித்து, சோபாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விடுமுறை. பாட்டி, “பொம்பளைப் பிள்ளைக்கு ஆணியும் சுத்தியலும் என்னடி” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் நகரவில்லை.

முதல் நாள் முழுக்கப் பிரிப்புதான். பழைய உறையைக் கிழிக்க மாட்டார். ஆணி ஆணியாக எடுத்து, துணியை முழுசாகக் கழற்றி, சுவரில் சாய்த்து வைப்பார். புதுத் துணி வெட்டுவதற்கு அதுதான் அளவு. பிடுங்கிய ஆணிகளை என்னிடம் ஒரு தகர மூடியில் கொட்டினார். நீலம் பாய்ந்த, அரை அங்குல நீளச் சிற்றாணிகள். “பாப்பா, கோணினதை எல்லாம் நிமித்து. ஒடஞ்சதைத் தனியா வை” என்றார். அம்மிக் கல்லின் விளிம்பில் வைத்து ஒரு சின்னக் கல்லால் தட்டி நிமிர்த்தினேன். நூற்றுக்கு அறுபது தேறும். ஆணி விலை என்ன பெரிய விலை, ஆனாலும் நிமிர்த்தினோம். இன்று என் டப்பாவில் ஆயிரம் ஸ்டேப்பிள் பின்கள் இருக்கின்றன. கோணலாகப் போனதை இழுத்துத் தூர எறிகிறேன். அதை நிமிர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, நிமிர்த்தவும் முடியாது.

உள்ளே இருந்த தேங்காய் நாரைப் பாய் குப்பையில் போடவில்லை. உதறி, கையால் பிய்த்து, மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். மூட்டைப்பூச்சிக்கு அதுதான் மருந்து. கூடவே சட்டத்தின் இடுக்குகளில் டிக்-20 பூச்சிமருந்து அடித்தார்கள். அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை. காய்ந்த நாரோடு புது நார் கொஞ்சம் கலந்து, அதன்மேல் பஞ்சு பரப்பினார். பஞ்சு தனிக் கதை. அதைக் கொட்டித் தருவதற்கு வேறொரு ஆள் தோளில் பெரிய வில்லோடு தெருவில் வருவார். தந்தியை அவர் சுண்டும் ஓசை நாலு வீடு தாண்டிக் கேட்கும். கல்லாகிப்போன தலையணைப் பஞ்சு அந்த வில்லில் பட்டதும் மறுபடி மேகம் மாதிரி ஆகும். போடியில் விளைந்த இலவம் பஞ்சானாலும் சரி, பருத்தியானாலும் சரி, பழசு என்று எறிய வேண்டியிருந்ததில்லை.

இரண்டாம் நாள் ஸ்பிரிங் கட்டினார். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தோற்ற இடம் இது.

சட்டத்தின் அடிப்பக்கத்தில் சணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் பாய் பின்னுவது போலக் கோத்து, விறைப்பாக இழுத்து ஆணி அடிப்பார். அந்தப் பட்டைகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஒவ்வொரு ஸ்பிரிங்காக நிறுத்தி, கோணி ஊசியால் தைப்பார். இடுப்புச் சிறுத்து, மேலும் கீழும் அகன்று, உடுக்கை போல இருக்கும் ஸ்பிரிங்குகள். பிறகு அவற்றின் தலைகளைக் கயிற்றால் கட்ட வேண்டும். முன்னிருந்து பின், இடமிருந்து வலம், பிறகு இரண்டு மூலைவாட்டு. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திக்கிலிருந்து கயிறு பிடித்திருக்கும். கட்டும்போது அவற்றை இரண்டு அங்குலம் அமுக்கிவைக்க வேண்டும். அப்போதுதான் உட்கார்ந்தால் இறங்கி, எழுந்தால் ஏறும். “அமுக்கிப் பிடி பாப்பா, விட்டுடாதே” என்பார். வாயில் கயிற்று நுனி இருக்கும், பேச்சு பாதிதான் வெளியே வரும். கட்டி முடித்ததும் உள்ளங்கையை விரித்து மேலே வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். எங்கே தளர்வு என்று கை சொல்லிவிடும். கண்ணால் பார்க்கவே மாட்டார்.

மூன்றாம் நாள் ரெக்ஸின். வாயில் ஒரு பிடி சிற்றாணியைப் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவர, காந்தம் ஏற்றிய சிறு சுத்தியல் அதை அப்படியே கவ்விக்கொண்டு போகும். ஒரு தட்டில் நிற்கும், மறு தட்டில் இறங்கும். இடது கை துணியை விட்டு அகலவே அகலாது. டீ வரும்போது மீதி ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, எண்ணி, ஓரமாக வைப்பார்.

அந்த ரெக்ஸினைப் பற்றி அப்பாவுக்குப் பெருமை. அது துணிக்குப் பொதுப் பெயர் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரிலிருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல்போல் ஆக்கி விற்றார்கள். நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரிலேயே பிளாஸ்டிக் பூச்சுத் துணி புழக்கத்துக்கு வந்துவிட்டது. சித்திரை மாதத்தில் அதில் பாவாடையோடு உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு சர்ரென்று பிரியும். ஆறே மாதத்தில் அம்மா அதன்மேல் போடக் கேஸ்மென்ட் துணியில் உறை தைத்துவிட்டாள். அறுபது ரூபாய் ரெக்ஸினைப் பிறகு நாங்கள் பார்த்தது உறை துவைக்கும் நாட்களில்தான்.

அந்நாளில் வீட்டாரே செய்துகொண்ட வேலை ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது: ஈஸி சேரின் துணியை மாற்றுவது. இரு நுனியையும் மடித்துத் தைத்து, கட்டையைச் செருகினால் முடிந்தது. மற்றதற்கெல்லாம் ஆள் உண்டு. பிரம்பு நாற்காலி கிழிந்தால் பின்ன ஒருவர். பார்வையற்றவர்களுக்கு இந்தப் பின்னலைத் தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அலுவலகங்களில் நாற்காலி பின்னுவதற்கென்றே பணியிடம் இருந்தது. நான்கு திசையில் பிரம்பிழை ஓட, நடுவில் எண்கோணக் கண் விழும் அந்தப் பின்னலை விரல் நுனியாலேயே போட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்தபின் கிழியவும் இல்லை, பின்னவும் இல்லை. உடைந்தால் காயலான் கடை.

இனி என் நாற்காலி. முதல் நாள் அதைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணிறத் துணியின் ஸ்டேப்பிள்களைத் திருகாணி முடுக்கியாலும் குறட்டாலும் எடுத்தேன். 187. எண்ணியது வேண்டுமென்றேதான், எரிச்சலை எங்காவது செலுத்த வேண்டுமே. துணிக்கு அடியில் ஃபோம். ஃபோம் என்று இருந்த இடத்தில் மஞ்சள் தூள். தொட்டால் மாவாக உதிர்ந்து, தாழ்வாரம் இல்லாத என் வீட்டின் பால்கனி முழுக்கப் பறந்தது. பெருக்கித் தள்ளிவிட்டு, இதோடு மரப்பலகை வந்துவிடும் என்று பார்த்தால், அடியில் பச்சை ரெக்ஸின். யாரோ ஒருவர் பழைய வேலையைப் பிரிக்கச் சோம்பி, அதன் தலையிலேயே ஃபோமை ஒட்டி மூடிவிட்டிருக்கிறார்.

ரெக்ஸினின் ஓரங்களில் நீலச் சிற்றாணிகள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அவற்றைப் பார்த்ததும் கை தானாக ஒரு தகர மூடியைத் தேடியது. அவை எளிதில் வந்தன. ரெக்ஸினுக்கு அடியில் பழுப்பேறிய பஞ்சு, அதற்கடியில் தேங்காய் நார், பிறகு கோணி. அரிசி மூட்டையாக இருந்த கோணி. எழுத்துகள் பாதி தெரிந்தன. கோணியை விலக்கினால் ஒன்பது ஸ்பிரிங்குகள். கயிறுகள் இற்றுப்போய்த் தொங்கின, சணல் பட்டை மூன்று அறுந்திருந்தது, ஆனால் ஸ்பிரிங் ஒன்றுகூடத் துருவேறி உடையவில்லை. நாரும் அப்படியே. பொடியாகிப் போனது எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்த ஃபோம் மட்டும்தான்.

ஃபோமைக் குறைசொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. 1929இல் டன்லப் ஆட்கள் ரப்பர் பாலை நுரைக்க அடித்து மெத்தை செய்தார்கள். அம்மா கடைசிவரை எல்லா ஃபோமையும் டன்லப் என்றே சொன்னாள். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று நம் சோபா, கார் சீட், தலையணை எல்லாவற்றிலும் இருப்பது. அது வந்திராவிட்டால் என்னைப் போன்றவள் இந்த வேலையில் இறங்கியே இருக்க முடியாது. நாரைச் சமமாகப் பரப்பி, மேடு பள்ளம் இல்லாமல் தைக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். ஃபோமை ரொட்டிக் கத்தியால் வெட்டலாம். சட்டத்தைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால் உறை தொளதொளக்காது. இவ்வளவுதான் அதில் வித்தை.

வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது வேறு வித்தை. ‘40 டென்சிட்டி’ என்று சொன்னால் ஒரு கன மீட்டர் 40 கிலோ இருக்க வேண்டும் என்று பொருள். என் நாற்காலிக்கு வேண்டியது 22 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 4 அங்குல கனம். கணக்குப் போட்டால் 1 கிலோ 150 கிராம் வர வேண்டும். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன்: 920 கிராம். அதாவது 32. கடைக்குத் திரும்பிப் போனேன். “அம்மா, ஃபோமையெல்லாம் யாரும்மா நிறுத்துப் பார்க்குறாங்க” என்றார் அந்த இளைஞர், கோபமில்லாமல், உண்மையாகவே வியந்து. மாற்றிக் கொடுத்தார். 1974இல் நார் எடை போட்டுத்தான் வாங்கினோம். அப்பா தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஸ்பிரிங்கை மறுபடி கட்டிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். படக்காட்சிகள் ஏராளம். இங்கிலாந்தில் ஒரு பெண்மணி, அமெரிக்காவில் ஒரு முதியவர், நம் ஊரில் ஒரு தம்பி என்று முடிச்சு முடிச்சாகக் காட்டுகிறார்கள். நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், பத்து முறை பார்க்கலாம். பாயிடம் ஒருமுறைகூட, “எப்படிப் போட்டீங்க, இன்னொரு தடவை காட்டுங்க” என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. அவரும் சொல்லித் தருகிறவர் அல்ல. அவர் மகனுக்கே அடி வாங்கித்தான் தொழில் வந்தது என்று சொல்லுவார். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், யாருடைய ஏச்சும் வாங்காமல் இந்த வேலையைப் பார்த்துக் கற்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. சுத்தியல் என்னடி என்று கேட்கவும் இன்று வீட்டில் ஆளில்லை.

ஆனால் படத்தில் கை வைத்துப் பார்க்க முடியாது. கயிறு எவ்வளவு விறைப்பு, ஸ்பிரிங் எவ்வளவு இறக்கம் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றை நிமிர்த்தினால் பக்கத்தது சாய்ந்தது. அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை. முழங்காலால் அமுக்கிக்கொண்டு முடிச்சுப் போட்டதில் ஒன்று வழுக்கி எகிறி, கணக்கில் நீங்கள் பார்த்த பிளாஸ்திரிக்கு வழி செய்தது. மூன்றாம் நாள் மாலை ஒன்பது ஸ்பிரிங்கையும் அவிழ்த்துக் கோணிப்பையில் போட்டேன்.

பதிலுக்கு எலாஸ்டிக் பட்டை. இதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஸ்பிரிங்குக்குப் பட்டை சட்டத்தின் அடியில் வரும், ஏனென்றால் அது நிற்க ஆழம் வேண்டும். ஃபோமுக்கு அதே பட்டை சட்டத்தின் மேல்பக்கம் வர வேண்டும். இது தெரியாமல் அடியிலேயே பழைய ஆணித் தடம் பார்த்து அடித்தேன். ஃபோமை வைத்தால் தொட்டிக்குள் போட்டதுபோல் இறங்கிவிட்டது. பிடுங்கி, மேலே அடித்தேன். அப்போது மரத்தைக் கவனித்தேன். சிற்றாணி இறங்கிய ஓரமெல்லாம் சல்லடைக் கண்ணாகி, இரண்டு இடத்தில் சிம்பு பெயர்ந்திருந்தது. ஸ்டேப்பிள் இறங்கிய இடத்தில் மெல்லிய இரட்டைக் கீறல்தான். பழைய முறையை வாழ்த்தும்போது தேக்கு மரம் என்ன சொல்லும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துணிக்குப் பவானி ஜமக்காளம் எடுத்தது என் சொந்தப் புத்தி. கல்யாணப் பந்தியில் விரித்து ஆயிரம் பேர் மிதித்தாலும் தாங்குகிற நெசவு நாற்காலிக்குத் தாங்காதா? தாங்கும். மூலையில் மடிக்கத்தான் முடியாது. எட்டு மில்லிமீட்டர் பின் இரண்டு மடிப்பைத் துளைக்காமல் எம்பி நின்றது; பத்து வாங்கிவந்து டப்பாவை மாற்றினேன். அதைவிடப் பெரிய வினை, கோடு. ஜமக்காளத்தின் சிவப்பும் பச்சையும் நேர்க்கோடாக ஓடும். ஒரு பக்கமாக ஆரம்பித்து மற்றப் பக்கம் இழுத்து அடித்துக்கொண்டே போனேன். முடித்து எழுந்து பார்த்தால் கோடுகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, நாற்காலியே நொண்டுவதுபோல் இருந்தது. அறுபத்துச் சொச்சம் ஸ்டேப்பிளைப் பிடுங்கினேன். அன்றிரவு படுக்கையில்தான் பாய் செய்தது நினைவுக்கு வந்தது. அவர் எந்த ஓரத்திலும் தொடங்கமாட்டார். முன்னால் நடுவில் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, இடம் நடுவில், வலம் நடுவில். பிறகு ஒவ்வொரு நடுவிலிருந்தும் இரு புறமும் நகர்வார். மூலை கடைசி. மறுநாள் அந்த வரிசையில் அடித்தேன். கோடு நேராக வந்தது. படக்காட்சிகளிலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அதை நான் வேகமாக ஓட்டிவிட்டிருக்கிறேன்.

லீட்ஸில் இருக்கும் மகளிடம் நாற்காலியை வீடியோவில் காட்டினேன். அழகு என்று சொல்லிவிட்டு, “உள்ளே இருக்கிறது தீப்பிடிக்காத ஃபோமா அம்மா?” என்றாள். அவள் குடியேறிய புதிதில் ஒரு பழைய சோபாவை அறப்பணிக் கடைக்குக் கொடுக்கப் போனபோது, அடியில் தீக்காப்புச் சீட்டு இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார்களாம். 1979 மே மாதம் மான்செஸ்டரில் ஒரு கடையில் தீப்பிடித்து, ஃபோம் வைத்த சோபாக்கள் எரிந்த புகையில் 10 பேர் இறந்தார்கள். அதைப் போன்ற விபத்துகளுக்குப் பிறகு 1988இல் பிரிட்டன் மெத்தை நாற்காலிகளுக்கென்றே தீ விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகளில் 1950க்கு முன் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அவற்றுக்குள் பெரும்பாலும் நாரும் மயிரும் பஞ்சும்தான் இருக்கும், பாலியூரித்தேன் ஃபோம் இருக்காது. மகளுக்கு என்னிடம் பதில் இல்லை. என் நாற்காலியும் 1950க்கு முந்தியதாக இருக்கலாம். அதன் உள்ளேயிருந்த விலக்குப் பெற்ற நாரை எடுத்துவிட்டு ஃபோமை வைத்தவள் நான்.

நாரை மாடித் தொட்டிச் செடிகளுக்குப் போட்டுவிட்டேன். ரோஜாத் தொட்டியில் ஈரம் நன்றாக நிற்கிறது. மஞ்சள் தூளையும் மண்ணிறத் துணியையும் மாநகராட்சி வண்டி எடுத்துக்கொண்டு போயிற்று. பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ அது கிடக்கும், மக்காமல். ஃபோம் வெட்டிய துண்டுகளைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்கிறார். தூளாக்கி, பசையிட்டு அழுத்தி, கெட்டி மெத்தை செய்கிறார்களாம். அந்த மட்டில் ஆறுதல். பாய் கட்டிய சோபா எங்கள் வீட்டில் 1996 வரை இருந்தது. நடுவில் ஒருமுறை கயிறு மட்டும் மாற்றினார். என் 40 டென்சிட்டிக்குக் கடைக்காரர் பத்து வருடம் சொல்கிறார்.

நாற்காலி இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. இடது முன் மூலையில் ஒரு சுருக்கம் உண்டு, தெரிந்துதான் விட்டிருக்கிறேன். உட்கார வசதியாகவே இருக்கிறது. உட்கார்ந்தால் மெல்ல இறங்குகிறது. எழும்போது தூக்கிவிடுவதில்லை, அது ஸ்பிரிங்கின் குணம்.

ஒன்பது ஸ்பிரிங்குகளும் பரண்மேல் கோணிப்பையில் இருக்கின்றன. மண்ணெண்ணெய் கிடைக்காததால் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். எட்டுத் திக்கும் கயிறு கட்டத் தெரிந்தவர் தாம்பரம், பல்லாவரம் பக்கம் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அமுக்கிப் பிடிக்க நான் இருக்கிறேன். கூலியோடு, ஒரு நாளைக்கு மூன்று டீ.